ஜுரம் விட்டுப்போன வாசனை

போனை நீதான் முதலில் வைத்தாய், அதனால் மிச்சத்தை எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. நீ பாதியில் எழுந்து போனாலும் காகிதம் அங்கேயே கிடக்கும்; நான் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியதில்லை. என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று உன் அம்மா சொல்வாள். பொறுத்துக்கொண்டு படி. ஆத்திரத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பாதி ஆத்திரம்தான் இருக்கிறது, மீதி பயம்.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. சேத்துப்பட்டில் நித்யாவின் வீட்டில் தட்டு மாற்றிக்கொண்டு வந்த சந்தோஷத்தில், கல்யாணம் முடிந்ததும் அந்தப் பெண் ஆரணிக்கு வந்து நம் வீட்டில் ஒரு விளக்கேற்றட்டும் என்றேன். எந்தத் தகப்பனும் கேட்பதுதான். அதற்கு நீ சொன்னாயே, “வேணாம் நைனா. எல்லாத்தையும் பெங்களூர்லயே வெச்சிக்கலாம். நான் அந்த வூட்டுக்குள்ள வந்தா யாருக்குனா எதுனா ஆவும். அவள வேற இட்டுகினு வந்து…” அந்த இடத்தில் வைத்துவிட்டாய். நான் கொஞ்ச நேரம் தறிக்குழியிலேயே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த தறியில் ஏகாம்பரம் நெய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னாண்ணே, புள்ள எதுனா சொல்லிச்சா?” என்றான். ஒன்றுமில்லை, சிக்னல் இல்லை என்றேன். பொய் சொல்லக்கூட எனக்கு இப்போது வேறு எதுவும் தோன்றுவதில்லை.

உன் அம்மா போன பிறகு நீ ஊருக்கு வராமல் இல்லை. வருகிறாய், தீபாவளிக்கும் திதிக்கும் தவறாமல் வருகிறாய். ஆனால் எப்படி வருகிறாய்? வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, வசூலுக்கு வந்த ஆள் மாதிரி உட்காருகிறாய். நான் போட்டுக் கொடுத்த டீ உன் பக்கத்தில் ஆறிப்போகும். வெயில் ஏறினால் நாற்காலியை நிழலுக்கு நகர்த்துவாயே தவிர, உள்ளே வரமாட்டாய். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் போய்ப் படுப்பாய். உனக்கும் எனக்கும் சொத்துத் தகராறு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு தறியும் ஒரு ஓட்டு வீடும். இதற்குத் தகராறு பண்ண ஒரு வக்கீல்கூடக் கிடைக்கமாட்டான். அவர்கள் பேசட்டும். நீ ஏன் உள்ளே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தேன், கேட்டால் அந்த நாற்காலிக்குக்கூட வராமல் போய்விடுவாயோ என்று.

ஊரடங்கு போட்ட அந்த வருஷத்தைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. இப்போது பேசலாம். பெங்களூரில் ஆபீஸை மூடிவிட்டார்கள், ஓட்டலையும் மூடிவிட்டார்கள், நீ பை மூட்டையோடு வந்து இறங்கினாய். “ரொட்டியத் தின்னுகினு கெடந்தேம்மா” என்றாய். அவ்வளவுதான், உன் அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. உனக்கு லேசாக இருமல் இருந்தது. பஸ்ஸில் காற்றடித்தது என்றாய், நாங்களும் நம்பினோம். அந்த வாரமே நமக்கு மூன்று பேருக்கும் ஜுரம். உனக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எனக்கும் அவளுக்கும் மூச்சு திணறியது. வேலூரில் என்னை ஆண்கள் வார்டிலும் அவளைப் பெண்கள் வார்டிலும் போட்டார்கள். நடுவில் ஒரு மாடி, ஆனால் பேச்சு மட்டும் போனில். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது என்ன தெரியுமா? பெரிய வசனம் எதுவுமில்லை. “இன்னா ரசம் ஊத்துறானுங்க, உப்பும் இல்ல புளியும் இல்ல, வெறும் சுடுதண்ணி” என்று திட்டினாள். எனக்கும் அது சுடுதண்ணியாகத்தான் இருந்தது. சமையல்காரனை இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டினோம். ரசத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும், நாக்கும் மூக்கும்தான் எங்களுக்குச் செத்திருந்தன என்று பின்னால்தான் புரிந்தது. பாவம், அந்தச் சமையல்காரன்.

அவள் போனபோது என் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். நீதான் கையெழுத்துப் போட்டாய். நீதான் சுடுகாட்டு வாசலில் தனியாக நின்றாய். தூரத்தில் நிற்க வைத்தார்கள் என்றும், முகத்தைக் காட்டவில்லை என்றும் உன் பெரிய அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வார்டை விட்டு வெளியே வந்தபோது உன் மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன், நீ பின்னால் நகர்ந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் எனக்கு எந்த வாசனையும் இல்லை. சோறு ஒரு பொருள், குழம்பு ஒரு பொருள், அவ்வளவுதான். கேஸ் கசிந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து ஜன்னலைத் திறந்தார்கள். நான் அதே அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் வாசனை திரும்பி வந்தது. ஒரே ஒரு வாசனை. முடி கருகும் வாசனை. முதலில் அடுப்படியில் அடித்தது, எதுவோ தீய்ந்திருக்கிறது என்று பாத்திரங்களைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு அவளுடைய தலையணையில். பிறகு காபியில், வெங்காயத்தில், சட்டையில், சாமி படத்துக்குப் போட்ட பூவில். ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டாலும் உள்ளே இருந்தது.

இதை நான் உனக்குச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வேன்? அவளைக் கொளுத்தியபோது நான் அங்கே இல்லை. வராத என்னை அந்தப் புகை தேடிக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். படித்தவன் இல்லையென்றாலும் பேய் பிசாசு பேச்சுக்கு நான் சிரிப்பவன், உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசனை வரும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். அவள் நூலைக் குச்சியில் தார் சுற்றும் இடத்தில் ராட்டை சும்மா கிடக்கும். உன் அத்தையிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “அவ எங்கயும் போவல. இங்கதான் சுத்திகினு கீறா. சொல்லிக்காம போனவ இல்லியா, அதான்” என்றாள். ஜல்தி கிளம்பு என்று என்னைப் படவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸுக்குக் காத்திருந்ததே பாதி நாள். ரேணுகாம்பாள் சன்னதியில் விபூதி வாங்கி என் நெற்றியில் பூசினாள். விபூதியும் முடி கருகும் வாசனைதான் அடித்தது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்த வாசனை போகவேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான் என்று இருந்தேன். அருவருப்பான வாசனைதான், ஒரு வாய் சோறு இறங்காது. இருந்தாலும் அது வராத காலை ஒன்றிரண்டில் மனசு பதறியது. வீட்டுக்குள் நடந்து நடந்து தேடினேன்.

இந்தப் பைத்தியம் இன்னும் எத்தனை காலம் நீண்டிருக்குமோ, தொழில்தான் என்னைக் காப்பாற்றியது. அதாவது தொழிலில் நான் பண்ணின ஒரு கோளாறு. பட்டு வாங்கினால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்போம் இல்லையா? அசல் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், கலப்பு நூல் என்றால் காகிதம் எரிகிற மாதிரியோ பிளாஸ்டிக் உருகுகிற மாதிரியோ வரும். நம் தெருவில் நடக்கக் கற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாம்பலையும் விரலில் தேய்த்துப் பார்க்கவேண்டும், ஆனால் நான் சாம்பலைப் பார்க்கிற ஆளா? என் மூக்கு போதும் என்று திமிர். புதிதாக வந்த ஒரு வியாபாரி, குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் கொண்டுவந்தான். கொளுத்தினேன். முடி வாசனை வந்தது. வேறு எது வரும்? எனக்கு எதைக் கொளுத்தினாலும் அதுதானே வரும், கொளுத்தாவிட்டாலும் அதுதானே வரும். அசல் பட்டு என்று வாங்கி, ஏகாம்பரத்துக்கும் கொடுத்து, இரண்டு தறியிலும் ஏற்றி நெய்து, புடவைகளைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். பழைய பழக்கம் என்பதால் மரியாதையாகத்தான் பேசினார். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு ஊடை இழையை உருவி என் கண் முன்னாலேயே கொளுத்தினார். “மோந்து பாருங்க. காயிதம் கருகற நாத்தம் வருதா இல்லியா?”

“முடி வாசனைதாங்க வருது” என்றேன்.

“வெளாடாதீங்க.”

“யாருங்க வெளாடுறது? என் தொழில எனக்குச் சொல்லித்தர்றீங்களா?” சட்டையைப் பிடிக்காத குறை. கடையில் புடவை பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்து, “வூட்டுக்குப் போயி நீங்களே பாருங்க” என்றார். அந்தப் பரிதாபம்தான் சுட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். அசல் பட்டு இழை ஒன்றைக் கொளுத்தினேன்: முடி. நியூஸ் பேப்பரைக் கிழித்துக் கொளுத்தினேன்: முடி. விளக்குத் திரி, தென்னங்கயிறு, ஊதுவத்தி, கற்பூரம். எல்லாம் முடி. கையில் கிடைத்ததையெல்லாம் கொளுத்தினேன். ஏகாம்பரம் புகையைப் பார்த்து ஓடி வந்து என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினான். அவன் பட்டது பயம். எனக்கு வந்தது வேறு. கற்பூரத்தில் அவள் ஏன் வரவேண்டும்? தென்னங்கயிற்றில் அவளுக்கு என்ன வேலை? அதுவரை அவள் என்று நினைத்திருந்தது அவள் இல்லையோ என்று முதன்முதலாக அப்போதுதான் சந்தேகம் வந்தது.

வேலூருக்குப் போனேன். மூக்கு டாக்டர், சின்னப் பெண், நித்யா வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். சீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினாள். அதில் ஒரு வார்த்தை எனக்கு வாசிக்கவே வரவில்லை. எனக்குப் புரியாத வார்த்தையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற பழக்கம் இல்லை, இது என்னம்மா என்று கேட்டேன். “சீக்வெலா” என்றாள். மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டாள்.

“நோயோட பேரும் இல்ல, மருந்தோட பேரும் இல்லீங்க ஐயா. ஒரு நோய் வந்துட்டுப் போயிடுது. போன பிறகும் உடம்புல ஒண்ணு நின்னுடுது. அந்த நின்னதுக்குப் பேருதான் சீக்வெலா.”

“அப்ப ஜுரம் இன்னும் உள்ள கீதுன்னு அர்த்தமா?”

“இல்லவே இல்ல. ஜுரம் இருக்கும்போதே கூட ஒண்ணு சேர்ந்துச்சுன்னா அது காம்ப்ளிகேஷன். மருந்தால வந்துச்சுன்னா பக்க விளைவு. நோய் முழுசா போயிடுச்சுன்னு தெரிஞ்சாதான் நாங்க சீக்வெலான்னே எழுதுவோம். உங்ககிட்ட இருந்து யாருக்கும் இது ஒட்டாது.”

நான் விடவில்லை. தமிழில் என்னவென்று கேட்டேன். பின்விளைவு என்று சொல்லலாம் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பின்விளைவு என்றால் போலீஸ்காரனும் கட்சிக்காரனும் மிரட்டுகிற பேச்சு. எவனோ தப்பு பண்ணினான், அனுபவிக்கிறான் என்கிற மாதிரி காதில் விழுகிறது. அதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்த வார்த்தையில யாரோட தப்பும் இல்லீங்க. பின்னாடி வர்றதுன்னு மட்டும்தான் அர்த்தம். இதைத் தனியாவும் எழுதக்கூடாது. எந்த நோயோட சீக்வெலான்னு அந்த நோயையும் சேர்த்துத்தான் எழுதணும். ஒண்ணுன்னா சீக்வெலா. நிறைய இருந்தா சீக்வெலே. உங்களுக்கு மூக்கு ஒண்ணுதான், அதனால சீக்வெலா” என்றாள். எனக்கு ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள். நான் திருத்தவில்லை.

பிறகு விளக்கினாள். வாசனை அறிகிற நரம்பை ஜுரம் கெடுத்துவிட்டதாம். அது திரும்ப வளரும்போது தாறுமாறாக இணைந்துகொள்கிறதாம். எந்த வாசனை உள்ளே போனாலும் மூளைக்கு ஒரே சேதி போகிறதாம். நிறையப் பேருக்குக் கருகல் வாசனைதான் வருமாம், காபி குடிக்கவே முடியாமல் ஆகிவிடுமாம். என்னைப்போல அவளிடம் வந்தவர்கள் பலபேராம். அந்தப் பலபேரில் யார் வீட்டிலும் யாரும் சாகாமல் இருந்திருக்கலாம். சில பேருக்கு இது போய்விடும், சில பேருக்குக் கொஞ்சம் நிற்கும், யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாள். கிராம்பும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு தினமும் மோந்து பார்த்து, இது கிராம்பு, இது எலுமிச்சை என்று மூக்குக்குப் பாடம் சொல்லித்தரச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரன் பக்கத்தில் நின்று அழுதேன். அதுவரை அவளுக்காக நான் சரியாக அழுதிருக்கவில்லை. அந்த வாசனை அவள் இல்லை, அவள் என்னைத் தேடி வரவில்லை, எங்கேயும் சுற்றிக்கொண்டு இல்லை. உண்மையிலேயே போய்விட்டாள். இத்தனை மாதம் நான் மனைவி என்று கூடவே வைத்துக்கொண்டிருந்தது கெட்டுப்போன ஒரு நரம்பு. இளநீர்க்காரன் என்னைப் பார்த்து, “யாருங்க போயிட்டாங்க?” என்று கேட்டான். என் சம்சாரம் என்றேன். இன்றைக்கா என்றான். ஆமாம் என்றேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நித்யா எனக்குப் போன் பண்ணினாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். “மாமா, அவரு கையக் கழுவிகினே இருக்காரு மாமா. தோலு உரிஞ்சு ரத்தம் வருது, அப்பவும் கழுவுறாரு. எனக்குச் சளி புடிச்சா பார்க்கவே வரமாட்டாரு. என்னாலதான் உனக்கு வந்துச்சுன்னு மெசேஜ் போடுறாரு. எனக்கு ஃபேன் காத்துல வந்துச்சு மாமா” என்றாள். நல்ல பெண். அழுகிற குரலிலும் அந்த ஃபேனைத் திட்டினாள். உன் அம்மாவுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

கேட்டதும் எனக்கு அந்த டாக்டர் பெண் எழுதிய சீட்டுதான் ஞாபகம் வந்தது. உனக்கு ஜுரம் லேசாகத்தான் வந்தது என்று எல்லோரும் சொன்னோம். எனக்கு மூக்கில் நின்ற மாதிரி உனக்கு வேறு இடத்தில் நின்றிருக்கிறது, எந்த ஸ்கேனிலும் தெரியாத இடத்தில். நீ அதை உன் குணம் என்று நினைக்கிறாய், உன் ராசி என்று நினைக்கிறாய், செய்த பாவம் என்றுகூட நினைக்கிறாய். நான் அற்பத் தறிக்காரன், டாக்டர் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், அவள் சொன்ன முறைப்படி நோயையும் சேர்த்தே எழுதுகிறேன்: அந்த ஜுரத்தின் சீக்வெலா. என் கருகல் வாசனை எப்படி உன் அம்மா இல்லையோ, அதேபோல் உனக்குள் நிற்கிற இந்த எண்ணம் நீ இல்லை. இதற்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், பெங்களூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மூக்குக்காக நான் வேலூர் போனதில் வெட்கமில்லை, இதற்காக நீ போவதிலும் வெட்கமில்லை. நித்யாவையும் கூட்டிக்கொண்டு போ. அவள் நன்றாகக் கேள்வி கேட்பாள்.

அப்புறம், நீ கேட்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்வி. ஜுரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீதானா? நீ இல்லை என்று சத்தியம் செய்து உன்னைத் தேற்றலாம். செய்யமாட்டேன், ஏனென்றால் எனக்குத் தெரியாது. நீயாக இருக்கலாம். அந்த வாரம் ஜரிகை வாங்கக் கடைத்தெருவில் முண்டியடித்தவன் நான், நானாகவும் இருக்கலாம். பக்கத்துத் தெருவில் துக்கம் விசாரிக்கப் போனது அவள், வேண்டாம் என்று சொல்லியும் போனாள். ஜுரம் யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை நீதான் என்றே வைத்துக்கொள். பசியோடு தாய் வீட்டுக்கு வந்த பிள்ளை நீ. அது குற்றமென்றால் உலகத்தில் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகமுடியாது. உனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “இப்பவாவது வந்தியே” என்று உன் முதுகில் ஒன்று வைத்தாளே, அந்த முகத்தை நான் பார்த்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் பார்த்திருக்கமாட்டாய். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வெகுநாள் பார்த்ததில்லை.

என் சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் குழிகளை விரலால் எண்ணுவாய். அவருக்கு அம்மை நோய் என்று யாராவது சொன்னார்களா? பந்தியில் தள்ளி உட்கார வைத்தார்களா? நோய் என்றைக்கோ போய்விட்டது, தழும்பு மட்டும் நின்றது, அந்த முகத்தோடே கல்யாணம் பண்ணி, பெரிய மனுஷராக இருந்து, நிறையச் சண்டை போட்டுவிட்டுச் செத்தார். நீயும் அப்படி இரு. தழும்பு இல்லாத மாதிரி நடிக்க வேண்டாம். தழும்பையே நோய் என்று நினைத்து ஊரை விட்டு ஒதுங்கவும் வேண்டாம். நித்யாவுக்குச் சளி பிடித்தால் பக்கத்தில் போய் உட்கார். மிளகு ரசம் வை. உனக்கும் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேருமாகத் தும்முங்கள், கல்யாணம் என்பது பெரும்பாலும் அதுதான்.

இப்போது என் மூக்கு எப்படி இருக்கிறது என்றால், கிராம்பு முழுசாக வந்துவிட்டது. எலுமிச்சையும் வந்தது. மல்லிகை பாதிதான் வருகிறது, தூரத்தில் யாரோ வைத்துக்கொண்டு போகிற மாதிரி. காபி இன்னும் கருகல்தான், விட்டுவிட்டேன். சில நாள் காலையில் காரணமில்லாமல் வீடு முழுக்க அந்த வாசனை வந்துவிடும். இப்போதும் ராட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். யாரும் இல்லை என்று தெரிந்தேதான் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நித்யாவின் முகூர்த்தப் புடவைக்குப் பட்டு வந்துவிட்டது, அரக்கு நிறம், அவள் கேட்டதுதான். நூல் சிட்டம் சிட்டமாக மஞ்சள் பையிலேயே கிடக்கிறது, தறியில் ஏற்ற இன்னும் பாவு போடவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முகூர்த்தப் புடவைக்கு வருகிற பட்டில் முதல் இழையைக் கொளுத்திப் பார்க்க வேண்டியவன் மாப்பிள்ளை. உன் அம்மாவின் புடவைக்கு நான்தான் கொளுத்தினேன், விரலைச் சுட்டுக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம், “நான் மோந்து பாத்து சொல்றேண்ணே, இதுக்குப் போயி ஏன் பேஜார்” என்கிறான். வேண்டாம் என்று பையை மேலே தூக்கி வைத்துவிட்டேன். மூக்குக்கு இந்தத் தெருவில் பஞ்சமில்லை. சாம்பலைத் தேய்த்துப் பார்க்கவும் நான் இப்போது கற்றுக்கொண்டேன். அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை.

அந்த வாசனை உனக்கும் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். சுடுகாட்டு வாசலில் நீ தனியாக மோந்தது அது. நான் மோக்காமல் விட்டது. இனி அதை நீ மட்டும் மோக்க வேண்டாம், நான் பக்கத்தில் இருக்கிறேன். அன்றைக்கு அங்கே என்ன பார்த்தாய் என்று அப்போது சொல். இல்லை, வேறொரு நாள் சொல். நான் கேட்கிறேன்.

வாசலில் நாற்காலி போடமாட்டேன். அதை ஏகாம்பரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நேராக உள்ளே வா, உன் அம்மா தார் சுற்றுகிற இடத்தில் உட்கார், ஒரு இழையை உருவிக் கொளுத்து. எனக்கு அந்த வாசனை எதையும் கொளுத்தாமலேயே வந்துவிடுகிறது, அதனால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. நிஜமாகவே இப்போது அடிக்கிறதா என்று நீதான் சொல்லவேண்டும். “பட்டுதான் நைனா” என்று நீ சொன்னால், அன்றைக்கு நான் மோப்பது பட்டு மட்டும்தான்.

உன் வரவுக்குத் தறியை வெறுமையாக வைத்திருக்கும்,
நைனா